சின்னுவும் 10 மாத்திரைகளும்



"பூனைக்கு எப்படி இருக்கு டீச்சர்?" என்று நிறையப் பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தும்மல், கண்ணில் பீளை, மூக்கடைப்பு. வாசனை தெரியாததால் இரண்டு நாள் மீனைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பூனை நாலைந்து நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அந்த நேரத்தில் சொந்தத்தில் ஒருவர், "காய்ச்சல் மாத்திரையில கால் துண்டு பொடிச்சுக் குடுங்கக்கா" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. சின்னத் துண்டே உயிரை எடுத்துவிடும். பூனை வளர்ப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கால்நடை மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, தினம் ஒன்றாக 10 நாளுக்கு எழுதிக் கொடுத்தார். எழுதுவது சுலபம்!

குடற்புழு நீக்க நாளில் வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி அல்பெண்டசோல் கொடுத்தவள் நான். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு "முழுங்கிட்டேன் டீச்சர்" என்ற கில்லாடிகளும் இதைப் படிப்பீர்கள். சின்னு உங்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். விழுங்கியதுபோல் உதட்டை நக்கிக் காட்டிவிட்டு, பீரோவுக்கு அடியில் போய்த் துப்பிவைக்கிறாள்.

பாலில் கலந்தால் என்ன என்பீர்கள். பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. சர்க்கரையும் உதவாது, பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாதாம்!

கடைசியில் பழைய துண்டுதான் கைகொடுத்தது. சார் அவளைக் கழுத்துவரை துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொள்வார் (கையில் மூன்று கீறல்). நான் வாயைத் திறந்து நாக்கின் அடிப்பகுதியில் மாத்திரையைப் போட்டு, உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். தலையை ரொம்ப அண்ணாத்தினால் புரையேறிவிடும். அதற்காகத் தண்ணீரை விட்டுவிடவும் முடியாது. இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகி, குழாயே சுருங்கிப்போகுமாம்.

நான்காம் நாள் மத்தி மீனை வேகவைத்து வெதுவெதுப்பாக வைத்தேன். முகர்ந்து பார்த்தாள். சார் மூச்சுவிடாமல் நின்றார். ஒரு துண்டு, அப்புறம் இன்னொரு துண்டு. தட்டையே நக்கிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று எட்டாம் நாள். இன்றையதோடு சேர்த்து இன்னும் 3 மாத்திரை பாக்கி. அட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் ஆளைக் காணோம். சார் டார்ச் லைட்டோடு பீரோ பக்கம் போயிருக்கிறார்.