மின்மினி ஆற்றில் அப்பா

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் பிள்ளைகள் இருவரும் கேட்டது சாகசம். அப்பா கேட்டது, கோல சிலாங்கூரில் புக்கிட் ரோத்தான் பக்கம் தான் பிறந்த தோட்டம்.

கோலாலம்பூரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். பால்மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. லயத்து வீடுகள் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிய அப்பா வெகுநேரம் பேசவில்லை.

இருட்டியதும் கம்போங் குவாந்தான் போனோம். மோட்டார் இல்லாத மரச் சம்பான். ஒன்றில் நான்கு பேர். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைந்தன. இணையை அழைக்கும் வெளிச்சமாம். பிளாஷ் அடிக்கக் கூடாது என்பதால் மகன் போனைப் பையில் போட்டான்.

"எங்க ஆத்தா விடியறதுக்கு முன்னாடி தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் பால்மரம் வெட்டப் போவாங்க. தூரத்துல இருந்து பார்த்தா இப்படித்தான் தெரியும்" என்றார் அப்பா.

"பயமா இருக்காதா தாத்தா?"

"பயந்தா அன்னைக்குக் கூலி போயிடும்ல!"

மழையில்லாத, நிலவு மங்கிய இரவாகப் பார்த்துப் போங்கள். தோட்டத்தில் பிறந்தவர் வீட்டில் இருந்தால், அவரையும் அழைத்துப் போங்கள்.