800 மீட்டருக்காக 35 கிலோமீட்டர்

ஓடுகிறவர்கள் ஓட்டத்தைப் பற்றி வாசிப்பது பெரும்பாலும் வேகத்தைக் கூட்ட வழி தேடித்தான். ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைப் பற்றி நான் படிக்க எடுத்ததும் அதற்காகவே. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். எவ்வளவு ஓடினால் உடம்பு தேறும், எவ்வளவு ஓடினால் துவளும் என்று வருடக்கணக்கில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் என்ற கணக்குக்கு வந்தார்.

என்னை உலுக்கியது அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல்லின் பயிற்சி. ஸ்னெல்லின் பந்தயம் 800 மீட்டர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவரை வைட்டாகரே மலைச்சாலையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார். ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு சீடர் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். ரக்பி விளையாட்டில் அடிபட்டு இடது கை சூம்பிப் போனவர் அவர்.

இரண்டு நிமிடப் பந்தயத்துக்கும் நீண்ட ஓட்டம் உதவக் காரணம் இருக்கிறது. அப்படி ஓடும்போது இதயம் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் மெல்லிய ரத்த நாளங்கள் பெருகுகின்றன. தொடர்ந்து உழைக்கும் தசைநார்களில் சக்திச் சேமிப்புத் தீர்ந்ததும், வேகத்துக்கென்று இருக்கும் நார்களும் வேலைக்கு இறங்குகின்றன. இதைப் படித்த பிறகு என் லாங் ரன்னின் கடைசிப் பகுதி வேறாகத் தெரிகிறது. தொடை கனக்கும், பாதம் தரையில் சற்றே அழுத்தமாக விழும், தோள் தானாக மேலேறும். முன்பெல்லாம் எப்போது முடியும் என்று வாட்சைப் பார்க்கும் நேரம் அது. இப்போது தோளைத் தளர்த்தி, காலடிகளைச் சுருக்கி, அதே மூச்சில் போகிறேன். ஓட்டத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

160 கிலோமீட்டர் எல்லோருக்குமான கணக்கல்ல. வேலைக்குப் போய்வருகிறவர்கள் அதைத் துரத்தினால் முழங்கால்தான் பதில் சொல்லும். கூட ஓடுபவரிடம் மூச்சுத் திணறாமல் பேச முடிகிற வேகம், வாரம் தவறாத நீண்ட ஓட்டம், இந்த இரண்டும் போதும்.

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களையும் லிடியார்ட் ஓடவைத்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1962-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மேன் ஆக்லாந்து போய் அவர்களோடு ஓடினார். மாரடைப்பிலிருந்து மீண்ட, எழுபது வயது தாண்டிய ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். ஊர் திரும்பியதும் ஆரிகனின் யூஜீன் நகரத்து மக்களை ஓட அழைத்தார்.