குடை, செருப்பு, முழுக்கை ரவிக்கை

ஏப்ரலில் எங்கள் பகுதியிலிருந்து பதினோரு பெண்கள் நாக்பூருக்குக் கிளம்புகிறோம். அண்ணல் பிறந்தநாளன்று தீக்ஷாபூமி, அங்கிருந்து நாசிக், பிறகு மும்பை வழியாக மகாத். மொத்தம் பத்து நாள். இதில் எட்டுப் பேர் சென்னையைத் தாண்டி ரயில் ஏறியதில்லை. “அக்கா, என்னென்ன துணி எடுத்துக்கிறது?” என்று தினமும் நாலு போன் வருகிறது. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆண் தோழர்களும் படிக்கலாம். உங்கள் பையையும் வீட்டுப் பெண்கள்தானே அடுக்குகிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எல்லா வெயிலும் ஒரே வெயில் இல்லை. சென்னை வெயில் கசகசவென்று ஒட்டும். நாக்பூர் வெயில் சுடும். ஏப்ரல் நடுவில் அங்கே நாற்பது டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கும், ஈரப்பதமே இருக்காது. வேர்ப்பதே தெரியாது, வேர்த்த நொடியில் காய்ந்துவிடும். அந்த ஊரில் கையில்லாத ரவிக்கையும் மெல்லிய துணியும் போட்டால் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். திறந்த தோல் அனலை வாங்கும். மூடிய தோல்தான் தப்பிக்கும். நாக்பூர்ப் பெண்கள் ஸ்கூட்டரில் போகும்போது கண் மட்டும் தெரிய, தலையையும் முகத்தையும் துப்பட்டாவால் சுற்றிக் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது வெயிலுக்கான கட்டு. ஆகவே நாக்பூருக்கும் நாசிக்குக்கும் முழுக்கை ரவிக்கை அல்லது முழுக்கைச் சுடிதார், தளர்வான பருத்தி, தலையைச் சுற்ற ஒரு பெரிய பருத்தித் துண்டு.

மலை இறங்கிக் கொங்கணத்துக்குப் போனதும் கணக்கு மாறிவிடும். மும்பையிலும் மகாத்திலும் டிகிரி குறைவு, ஆனால் கடல் ஈரம். வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். அங்கே கெட்டித் துணி போட்டால் வேர்க்குருவும் தொடை உரசலும்தான் மிச்சம். மெல்லிய வாயில் சேலை, அரைக்கை போதும். உள்பாவாடை கட்டாயம் பருத்தி. சாட்டின் பாவாடையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

துவைக்கிறதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. நாக்பூரில் இரவு அலசிப் போட்டால் காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். மகாத்தில் இரண்டு நாள் ஆனாலும் முக்கல் வாடை போகாது. அதனால் நாசிக்கை விட்டுக் கிளம்புமுன் எல்லாவற்றையும் துவைத்து மடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஆளுக்கு நாலு செட் போதும். கொடிக்கயிறும் ஊக்கும் நான் கொண்டுவருகிறேன்.

இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். முழுக்கை ரவிக்கை, தலைக்குத் துண்டு, கணுக்கால் வரை உடை, குடை, நல்ல செருப்பு. எழுதி முடித்துப் பார்த்தபோது இந்தப் பட்டியலை ஏற்கனவே எங்கோ படித்திருக்கிறேன் என்று தோன்றியது. தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச்.ஹட்டன் சாதியைப் பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, ரவிக்கையோ தாவணியோ கூடாது. பூ கூடாது. பொன்னும் வெள்ளியும் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறிய சேரிகள் எரிக்கப்பட்டன. அடுத்த வருடம் ஜூனில் தடை பதினொன்றானது, அதில் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது.

இவற்றை நாம் மேடைகளில் மான அவமானப் பிரச்சினையாகவே பேசியிருக்கிறோம். அது சரிதான். ஆனால் இராமநாதபுரத்தின் வெயிலையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். மரமில்லாத பொட்டல், கருவேலங்காடு, காலைச் சுடும் மண். அங்கே நாள் முழுவதும் வயலில் நிற்கிற உடம்புக்குச் சட்டை கிடையாது, தலைக்குக் குடை கிடையாது, காலுக்குச் செருப்பு கிடையாது. வரப்பில் நின்று வேலை வாங்கினவனுக்கு மூன்றும் உண்டு. சூரியன் எல்லோருக்கும் பொதுவானது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நிழல் பொதுவாக இருந்ததில்லை.

என் அப்பத்தா அந்தச் சீமையில்தான் பிறந்தவள். கடைசிவரை ரவிக்கை போடவில்லை. நாங்கள் தைத்துக் கொடுத்தால், “இறுக்கமா இருக்குடி, மூச்சு முட்டுது” என்பாள். பழக்கம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அவள் தோள்பட்டையும் முதுகின் மேல்பக்கமும் கருகி, வெடித்த களிமண் மாதிரி இருக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கை சொரசொரக்கும். அந்த முதுகைப் பற்றி எந்த ஆவணத்திலும் எழுதியிருக்காது.

சரி, நாக்பூருக்கு வருவோம். வெள்ளை உடுத்துவதா என்று கேட்கிறார்கள். 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் வெள்ளை உடையில் தீட்சை பெற்றார். கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களும் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். வெயிலுக்கும் வெள்ளை நல்லது. ஆனால் ஒரு தங்கையின் மாமியார், “புருஷன் உசுரோட இருக்கறப்ப வெள்ளைச் சேலையா?” என்று சண்டை பிடிக்கிறாராம். நியாயமான சண்டைதான், நம் ஊரில் வெள்ளைக்கு அந்த அர்த்தத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொள்ளட்டும், அல்லது நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. அந்த அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்புறம், புது நீலத் துண்டை வெள்ளைத் துணியோடு ஒரே பையில் ஈரமாக வைக்காதீர்கள். முதலில் தனியாக அலசிச் சாயத்தைப் போக்கிவிடுங்கள்.

பயணக் குறிப்பு எழுதுகிற பலரும், வெயில் நாட்டுக்குப் போனால் கசங்கினால் கசங்கட்டும், இருப்பதைப் போட்டுக்கொண்டு எளிமையாகப் போங்கள் என்கிறார்கள். அவர்கள் கசங்கிய சட்டையோடு நின்றால் எளிமை. நாம் நின்றால் வேறு பெயர். போன வருடம் பட்டா விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டு போனோம். உள்ளே கூப்பிட்டது இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்த இருவரை மட்டும். வேலையிலிருந்து நேராக வந்த மற்றவர்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம், நன்றாக உடுத்தினாலும் குற்றம். 2012இல் தர்மபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டதை ஒட்டி, ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு கட்சித் தலைவர் பேசியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் அடுத்தவர் கண்ணுக்காக எதையும் கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பூ வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட் மட்டும் இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள்.

அந்த ஒரு செட் மகாத்துக்கு. 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்ததை எல்லோரும் அறிவோம். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டதும் தெரியும். அந்த மாநாட்டை ஒட்டி அண்ணல் பெண்களிடம் தனியாகப் பேசியதை அதிகம் பேர் சொல்வதில்லை. காலுக்கு மேலே ஏற்றிக் கட்டும் சேலைக்கட்டும், கழுத்திலும் கையிலும் சுமக்கும் கனத்த நகைகளும் பார்த்த மாத்திரத்தில் சாதியைக் காட்டிக்கொடுக்கின்றன, விட்டுவிடுங்கள் என்றார். பெண்கள் உடனே சேலையைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டத் தொடங்கினார்கள். ஊருக்குத் திரும்பும்போது அப்படியேதான் போனார்கள். போகிற வழியில் யார் யார் முறைத்திருப்பார்கள், வீட்டில் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மகாத்தில் அவரவருக்குப் பிடித்த சேலையைக் கணுக்கால் மறைய இறக்கிக் கட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போகிறோம். காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், அதற்கப்புறம் கல் சுடும், செருப்பைக் கழற்ற முடியாது. குடை ஆளுக்கு ஒன்று. இரண்டு பேருக்கு ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள், போதாது.