தாழ்ப்பாள் ஓசை

நான் ராமச்சந்திராபுரத்தில் குடியேறிப் பத்தாண்டுகளாகும் ரயில்வே குமாஸ்தா. அலுவலகத்தில் அடக்கிய கோபத்தை வீட்டில் மனைவியிடம் காட்டுவேன். சில வேளை கைநீட்டியதும் உண்டு. மகளை ஒருநாளும் தொட்டதில்லை என்று மட்டும் பெருமை கொண்டிருந்தேன்.

பதினான்கு வயதாகும் அவளுக்கு ஓயாத வயிற்றுவலி, உறக்கமில்லை, படிப்பும் சரிந்தது. பரிசோதனையில் நோய் ஏதும் தென்படவில்லை. அவளிடம் தனித்துப் பேசிய மருத்துவ அம்மையார் என்னை அழைத்து, "மாலையில் வெளிக்கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டதும் வலி தொடங்குகிறதாம்" என்றார். மாலையில் அக்கதவைத் திறப்பவன் நான்தான். தலைகுனிந்தேன்.

தாய் படும் அடியைக் கண்டு வளரும் பெண்ணும் அடிபட்டவளே. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வசைமொழியையும் வன்முறை என்றே கொள்கிறது. சொந்த ஊரென்றால் பாட்டி வீட்டுக்கு ஓடுவாள். இங்கே யாரிடம் ஓடுவாள்? குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய தொலைபேசி எண்களை நம் பெண்கள் அறிந்திருக்கட்டும்.

மனைவியிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வீட்டுக்கு வந்ததும், கதவைத் திறக்கும் முன் அவள் பெயரை மெல்லச் சொல்லி அழைக்கிறேன். அவள் இன்னும் முழுமையாக நம்பவில்லை. நம்பும் நாள்வரை காத்திருப்பது என் கடமை. அன்பர்களே, உங்கள் வீட்டுத் தாழ்ப்பாளின் ஓசை எவ்வாறு கேட்கிறது?