கோழிக் கொட்டிலில் ஒரு காலண்டர்

ஆரம்பத்தில் வந்து குவிந்த போர்வைகளை அடுக்கவே அந்த இல்லத்தில் தனி அறை தேவைப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோயிருந்தது. தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக ஆங்காங்கே இல்லங்கள் முளைத்தன. கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த இந்தச் சின்ன இல்லத்தில் 32 பிள்ளைகள். பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பிள்ளைகளுக்கு அவர் பெரியம்மா.

முதல் மூன்று வருடங்கள் பணத்துக்குக் குறைவில்லை. பிறகு கடிதங்கள் குறைந்தன. காசோலைகளும் குறைந்தன. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. உலகத்தில் வேறு இடங்களிலும் வெள்ளமும் நிலநடுக்கமும் வந்துகொண்டுதான் இருந்தன. 2009-ல் பள்ளி திறந்தபோது நோட்டுப் புத்தகம் வாங்கக் கடன் சொல்ல வேண்டியிருந்தது.

"கொல்லை சும்மாதானே கெடக்கு. நாலு கோழி வாங்கி விட்டா என்னம்மா?" என்றார் சமையல்கார ஆயா.

12 பெட்டைகள், 2 சேவல்களோடு ஆரம்பித்தார்கள். நாட்டுக்கோழிக்குப் பெரிய செலவில்லை. நொய், தவிடு, சமையலறை மிச்சம். ஆயா ஒரு பழைய பானைக்குள் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் போட்டு, தண்ணீர் தெளித்து, மாலையில் கொல்லையில் கவிழ்த்து வைப்பார். காலையில் பானை நிறைய கரையான் இருக்கும். குஞ்சுகள் அதற்கு அடித்துக்கொள்ளும். பிள்ளைகள் பல் துலக்குவதை மறந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

அடைக்கு வைத்த கூடையில் ஆயா ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போடுவார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்கவாம். பெரியம்மா சிரித்துக்கொள்வார், தடுக்கமாட்டார். 21-ம் நாள் ஓடு விரிசல் விடும்போது கூடையைச் சுற்றி 32 தலைகளும் இருக்கும்.

பெட்டைகளுக்கெல்லாம் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். அதிகம் பேசாத ஒரு சிறுமி, தன் கோழிக்குச் 'செவலை' என்று பெயரிட்டாள். அலை வந்தபோது அவளுக்கு நான்கு வயது. சேவல்களுக்கு மட்டும் பெயர் வைக்கக் கூடாது என்பது பெரியம்மா போட்ட சட்டம். தீபாவளிக்கு முன்னால் அவற்றை விற்றுத்தான் ஆகவேண்டும். அப்படி முதல்முறை விற்ற காசில் எல்லோருக்கும் செருப்பு வந்தது.

கோடை வந்தபோது கொட்டிலில் பெரியதும் சிறியதுமாக எழுபது கோழிகள் இருந்தன. கால்நடை மருத்துவர் இரண்டு முறை சொல்லியிருந்தார், தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று. "நாட்டுக்கோழிக்கு எதுக்குங்க ஊசி? எங்க பாட்டி வீட்டுல எந்தக் கோழிக்கு ஊசி போட்டாங்க?" என்று பெரியம்மா பேச்சை முடித்துவிட்டார். சந்தையில் மலிவாகக் கிடைத்த இரண்டு கோழிகளை வாங்கி வந்து மற்றவற்றோடு அப்படியே விட்டார்.

முதலில் ஒரு கோழி இரை எடுக்காமல் மூலையில் சுருண்டது. மறுநாள் ஏழெட்டுக் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனது. சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேட் என்பதும் இதே நோய்தான். வந்த பிறகு மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும். ஒரு வாரம் முடிவதற்குள் கொட்டில் காலி. செவலையும் போயிற்று. கொல்லையின் கோடியில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

அன்று ராத்திரி அந்தச் சிறுமி சாப்பிடவில்லை. பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஊசி போட்டிருந்தா செவலை செத்திருக்காதா பெரியம்மா?"

அந்தப் பிள்ளைகளிடம் ஐந்து வருடமாக ஊரே சொல்லிவந்த பதில் ஒன்று உண்டு. சாமி கூப்பிட்டுக்கொண்டது, விதி, நம் கையில் என்ன இருக்கிறது. பெரியம்மாவே எத்தனையோ முறை அதைச் சொல்லியிருக்கிறார். இப்போதும் அது வாய்வரைக்கும் வந்தது.

"பொழச்சிருக்கும் கண்ணு. டாக்டர் சொன்னார், நான்தான் கேக்கல. தப்பு என்னோடதுதான்."

சிறுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அப்ப கடல் வந்தது யாரோட தப்பு?"

பெரியம்மாவுக்குத் தொண்டை அடைத்தது. "அது யாரோட தப்பும் இல்லம்மா. ஆனா வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நெறைய பேர் ஓடிப் பொழச்சிருப்பாங்க. அன்னிக்குச் சொல்றதுக்கு ஏற்பாடு இல்ல. இப்ப இருக்கு. ஹைதராபாத்துல ஒரு மையம் வச்சு, கடலை ராவும் பகலும் பாத்துக்கிட்டிருக்காங்க."

2007-ல் அந்த எச்சரிக்கை மையம் திறந்த செய்தியைப் பெரியம்மா பேப்பரில் படித்திருந்தார். பிள்ளைகளிடம் சொல்லத் தோன்றவில்லை. கடல் என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்திருந்தார். சிறுமி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கொட்டிலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில வாரம் வெயில் காயவிட்டார்கள். பிறகு ஆயா தன் ஊரிலிருந்து, ஊசி போட்ட இரண்டு அடைக்கோழிகளையும் 24 முட்டைகளையும் கொண்டுவந்தார். பெரியம்மா ஒரு காலண்டரைக் கொட்டில் கதவில் மாட்டி, சிவப்புப் பேனாவைச் சிறுமியிடம் கொடுத்தார். குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. 8-வது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. புதிதாக வரும் கோழிக்கு மூன்று வாரம் தனிக்கூண்டு. சூடு பட்டால் மருந்து வீணாகிவிடும் என்பதால், பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்து வரவேண்டும். எல்லாவற்றையும் மருத்துவரிடம் கேட்டு அவளே எழுதிக்கொண்டாள்.

கோழி வளர்த்து ஓர் இல்லத்தை நடத்திவிட முடியுமா என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பதுண்டு. "முடியாதுங்க. அரிசிக்கும் பருப்புக்கும் உங்களை மாதிரி நாலு பேர் வேணும். நோட்டு, பேனா, செருப்பு, காய்ச்சல் மாத்திரை, ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு முட்டை, அது வரைக்கும் கோழி பாத்துக்குது" என்பார் பெரியம்மா. நோட்டுப் புத்தகத்துக்கு அதன்பின் கடன் சொல்லவில்லை.

2010 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் காலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பூப்போட்டு, பாலூற்றி, கும்பிட்டார்கள். மற்ற வருடங்களில் அந்தச் சிறுமியை அங்கிருந்து கிளப்புவதே கஷ்டம். அன்று அவள்தான் முதலில் எழுந்து பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க பெரியம்மா, நேரமாச்சு."

கொட்டில் கதவில் தொங்கிய காலண்டரில், 26-ம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. புதுக் குஞ்சுகளுக்கு அன்று 7-ம் நாள்.