கோடு எங்கே நிற்க வேண்டும்

"கட்டியை வெட்டி எடுத்தாச்சு. நான் இப்ப வரையிறது கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை," என்றார் புற்றுநோய் மருத்துவர். திரையில் அந்த அம்மாவின் நெஞ்சு, 3 மில்லிமீற்றருக்கு ஒன்றாக அடுக்கிய சிடி படங்களாக நகர்ந்தது. படத்துக்குப் படம் சுட்டியால் எல்லை வரைந்தார். கதிர் எங்கே பட வேண்டும் என்பதை அந்த எல்லைதான் இயந்திரத்துக்குச் சொல்கிறது.

வயதான மார்பில் பால்சுரப்பித் திசு எங்கே முடிகிறது, கொழுப்பு எங்கே தொடங்குகிறது என்பது படத்தில் துலக்கமாகத் தெரியாது. அதற்காகத்தான் ஸ்கான் எடுக்கும் முன்பே கையால் தடவிப் பார்த்து, மார்பைச் சுற்றியும் தழும்பின் மேலும் மெல்லிய கம்பி ஒட்டியிருந்தார்கள். கட்டி இருந்த இடத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் விட்டுவைத்த டைட்டேனியம் கிளிப்புகள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னின. தோலுக்குக் கீழே 5 மில்லிமீற்றர் விட்டே கோடு தொடங்குகிறது. நெஞ்சுத் தசையும் விலாவும் வெளியே நிற்கின்றன.

அக்குளுக்கு வந்ததும் மருத்துவரின் கை மெதுவானது. அங்குள்ள நிணநீர்க் கணுக்களை, சிறு நெஞ்சுத் தசைக்கு வெளிப்புறம், பின்புறம், உட்புறம் என மூன்று மட்டங்களாகப் பிரிக்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டல் இக்கணுக்களின் எல்லைகளை இரத்த நாளங்களை வைத்தே சொல்கிறது. இந்த வழிகாட்டலுக்கு அவசியம் இருந்தது. 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 9 நிபுணர்கள் ஒரே நோயாளிகளின் படங்களில் வரைந்தபோது, சில பகுதிகளில் கோடுகள் 10 சதவீதம்தான் ஒத்துப்போயின. தாராளமாக வரைந்தால் நுரையீரலும், இடப்பக்கமென்றால் இதயமும் கதிர் வாங்கும். இதயம் வாங்கும் கதிரளவு சராசரியாக ஒரு கிரே கூடினால் பெரிய இதயநோய்க்கான வாய்ப்பு 7.4 சதவீதம் உயர்வதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. இறுக்கி வரைந்தாலோ நோய் திரும்பக்கூடும். இந்த வேலையை வெறும் கணினி வேலை என்று யாரும் சொல்லக்கூடாது.

வரைந்த கோடு பலிக்க, உடல் தினமும் ஒரே கிடையில் இருக்க வேண்டும். பலகையில் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வைத்தபோது தொழில்நுட்பவியலாளர் கேட்டார்: "நோகுதோ அம்மா?"

"கொஞ்சம் இழுக்குது பிள்ளை. கரண்ட் பிடிக்கிறது எத்தனை நாளைக்கு?" கதிர்சிகிச்சையைத்தான் அப்படிக் கேட்டார்.

அவர் நெடுந்தீவு. அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணத்துக்கு பஸ். இந்த மருத்துவமனை இருக்கும் தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ். கடல் கொந்தளித்தால் முதல் அடியே எடுத்துவைக்க முடியாது. 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை போன நடைபயணத்தில் திரட்டிய பணத்தில் எழுந்து, 2013இல் திறந்த தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனை வடக்கு மக்களுக்கு, கொழும்புக்கு அருகே மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் பயணத்தை எவ்வளவோ குறைத்தது. தீவுகளுக்கு இன்னும் கடல் மிச்சமிருக்கிறது.

ஆகவே நாட்கணக்கும் சிகிச்சைதான். 2020இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, 4,096 பேரிடம், 3 வாரங்களில் 15 தடவையாக 40 கிரே கொடுப்பதற்குப் பதில் ஒரே வாரத்தில் 5 தடவையாக 26 கிரே கொடுத்தாலும் நோய்க்கட்டுப்பாடு குறையவில்லை என்று காட்டியது. தீவுப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை என்று எனக்குப் பட்டது, மருத்துவரிடம் சொன்னேன்.

"மார்புக்கு மட்டும் என்றால் சரி. இவவுக்குக் கணுக்களையும் சேர்த்து வரையிறன். அதனாலே 15தான் குடுப்பன்," என்றார். அந்த அம்மா சுன்னாகத்தில் தங்கச்சி வீட்டில் மூன்று வாரம் தங்குவதாகச் சொன்னார்.