432 கண்ணிகள்

நூலைக் கொண்டு செய்யும் வேலைகளைச் சொல்லத் தமிழில் வினைச்சொற்கள் பல உண்டு. நூற்றல், நெய்தல், தைத்தல், கோத்தல், பின்னுதல் என ஒவ்வொன்றும் கையின் ஒவ்வோர் அசைவைச் சுட்டும். குரோஷா வேலைக்கு மட்டும் தனி வினை அமையவில்லை. சடைக்கும் கூடைக்கும் கம்பளிச் சட்டைக்கும் உரிய ‘பின்னல்’ என்ற பெயரையே அதுவும் பகிர்ந்துகொள்கிறது. பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல் நம் வீடுகளில் ‘குரோஷா ஊசி’ ஆயிற்று. உண்மையில் அது ஊசியன்று. நூல் கோக்கும் காதும் இல்லை, குத்தும் கூர்மையும் இல்லை. நுனியில் ஒரு கொக்கி மட்டுமே உண்டு. ஒரு கண்ணிக்குள் நூலை இழுத்து அடுத்த கண்ணியை உண்டாக்குவதே அதன் தொழில். சுருக்குக்கும் தலையில் சூடும் மாலைக்கும் இரண்டடிப் பாட்டுக்கும் வழங்கும் ‘கண்ணி’ என்ற சொல் இங்கும் இயல்பாகப் பொருந்துகிறது.

திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், தங்கையின் இரண்டு வயது மகளுக்காக இந்த ஆண்டு ஒரு யானையைப் பின்னினார். கோயில் திருவிழாவில் செண்டை முழக்கத்தின் நடுவே நின்ற யானையைக் கண்டு அஞ்சி அழுத குழந்தை அது. மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய யானை ஒன்று இருந்தால் அச்சம் தணியும் என்பது பெரியம்மாவின் கணக்கு. சாம்பல் நிறம் வேண்டாம் என்று அவர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார். மஞ்சள் தலை, பச்சையும் ஊதாவும் மாறி மாறி வரும் உடல், செம்பருத்திச் சிவப்பில் காதுகள். சாலைக் கடைத்தெருவில் வாங்கியது பருத்தி நூல். ஆண்டு முழுதும் வியர்க்கும் அவ்வூரில், குழந்தை கட்டிக்கொண்டு உறங்கும் பொருளுக்குக் கம்பளி ஒவ்வாது. உள்ளே அடைக்க இலவம்பஞ்சைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் பஞ்சைத் தேர்ந்தார். துவைத்தால் இலவம்பஞ்சு கட்டிதட்டிவிடும்.

இவ்வகைப் பொம்மைக்கு ‘அமிகுருமி’ என்பது உலகெங்கும் வழங்கும் பெயர். பின்னலைக் குறிக்கும் ‘அமி’யும், பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் ‘நுய்குருமி’யும் ஒட்டிய ஜப்பானியச் சொல் அது. அதன் செய்முறைக் குறிப்பு, மொழியியல் மாணவருக்கு இலக்கண விதி போலவே தோன்றும். மூன்றாம் சுற்றுக்கான விதி ‘(ஒற்றைக் கண்ணி 1, பெருக்கம் 1) × 6’ என்று இருக்கும். முதல் சுற்றில் 6 கண்ணிகள், அடுத்து 12, பிறகு 18. சுற்றுக்கு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கும். கூட்டாமல் சுற்றினால் வட்டம் கிண்ணமாகக் குழியும். ஆறுக்கு மிகையாகக் கூட்டினால் ஓரம் அலையலையாகச் சுருளும். இந்தச் சுருளலைக் கொண்டுதான் 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தைனா தைமினா, அதிபரவளையத் தளத்தைக் கையால் தொட்டறியும் உருவாகப் பின்னிக் காட்டினார். யானையின் காதோரம் சுருண்டு நிற்பதற்கும் அதே கணக்குதான் காரணம்.

தலைக்கான கணக்கு இது. 6 முதல் 36 வரை ஆறு சுற்றுகளில் 126 கண்ணிகள். 36இலேயே நிற்கும் ஆறு சுற்றுகளில் 216. பிறகு 30இலிருந்து 6 வரை குறைந்து மூடும்போது 90. மொத்தம் 432. கண்ணிக்கு ஐந்து நொடி என்றாலும், கை ஓயாமல் 36 நிமிடங்கள். நடுவில் அழைப்புமணி அடித்து எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். தலைக்குப் பிறகு உடல், தும்பிக்கை, நான்கு கால்கள், இரு காதுகள், வால். நிறம் மாறும் இடந்தோறும் தொங்கும் நூல்முனைகளை உள்ளே மறைக்க வேண்டும். கண்களுக்குப் பிளாஸ்டிக் மணிகளை அவர் விரும்பவில்லை. பிடுங்கி விழுங்கும் வயது என்பதால் கறுப்பு நூலாலேயே தைத்தார். நாளுக்கு இரண்டு மணி நேரமாகப் பத்து மாலைகள் ஆயின.

பக்கத்து வீட்டுப் பெண் பார்த்து மகிழ்ந்து, தன் பேரனுக்கும் ஒன்று கேட்டார். நூல், பஞ்சு ஆகியவற்றின் விலையோடு நூறு ரூபாய் கூடத் தருவதாகவும் சொன்னார். “சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே, சேச்சி?” கேட்டவரிடம் கஞ்சத்தனம் ஏதுமில்லை. ஆனால் 20 மணி நேரத்துக்கு நூறு ரூபாய் என்றால் மணிக்கு ஐந்து ரூபாய்.

துணி நெய்யவும் ஸ்வெட்டர் பின்னவும் இயந்திரங்கள் உண்டு. குரோஷாவை அப்படியே பின்னிச் சந்தைக்கு அனுப்பும் இயந்திரம் இல்லை. ‘குரோஷே இயந்திரம்’ என்று ஆலைகளில் வழங்குவது செய்வது வேறொரு பின்னலை. ஆகவே கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷா முயல் ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார்.

கோதாவரிக் கழிமுகத்து நர்சாபூரில் இது பெருந்தொழில். மிஷனரிகள் வழியாக 19ஆம் நூற்றாண்டில் பரவிய குரோஷா லேஸ் அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் செல்கிறது. அதைப் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய நூல் 1982இல் வந்தது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னியவர்கள் ‘இல்லத்தரசிகள்’ என்றும், அவர்களது உழைப்பு ‘ஓய்வுநேர வேலை’ என்றும் அழைக்கப்பட்டதை அவர் விளக்கினார். அப்பெயர்களே கூலியைக் கீழே அழுத்தி வைத்தன. விற்று வந்த பணம் பெரும்பாலும் ஆண் வணிகரிடம் சேர்ந்தது. ‘சும்மா’ என்ற சொல்லும் அவ்வேலையையே செய்கிறது. அன்போடு சொல்லப்படுவதால் மறுப்பது இன்னும் கடினம்.

திருவிதாங்கூரிலேயே வேறொரு வரலாறும் உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று; திண்டின்மேல் ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வகை. அவ்வருவாயைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றதாக மிஷன் பதிவுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். மிஷனின் நோக்கங்களை எப்படி மதிப்பிட்டாலும், அந்தக் கண்ணிகளை எவரும் பொழுதுபோக்கு என்று எழுதி ஒதுக்கிவிட முடியாது.

பக்கத்து வீட்டாரிடம் அவர் விலை எதுவும் சொல்லவில்லை. மணிக்கணக்கை மட்டும் சொன்னார். தலைக்கு இவ்வளவு, காலொன்றுக்கு இவ்வளவு என்று யானையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, கால்களே இல்லாத பிராணி ஏதாவது உண்டா என்று கேட்டார். மீன் என்று முடிவாயிற்று. ஐந்து மணி நேர வேலை. நூல் தனி, கூலி தனி.